சந்தா நின்ற மறுநாள் என்ன மிஞ்சும்? ஒரு பள்ளி நூலகத்தின் மின்னூல், தரவுத்தளக் கணக்கு

போன ஜூலையில் தாளாளர் அறைக்குக் கூப்பிட்டார். நூலகத்துக்கு இந்த ஆண்டு 60,000 ரூபாய் தனியாக ஒதுக்கியிருப்பதாகவும், அதை வைத்து "டிஜிட்டலாக ஏதாவது" செய்ய வேண்டும் என்றும் சொன்னார். டிஜிட்டலாக ஏதாவது. அதற்குமேல் விளக்கம் இல்லை. செய்தி எப்படிக் கசிந்ததோ, பத்து நாளில் இரண்டு கொட்டேஷன்கள் என் மேசைக்கு வந்துவிட்டன. ஒன்று, ஒன்றரை லட்சம் மின்னூல் கொண்ட தொகுப்பு, ஆண்டுக்கு 55,000 ரூபாய். இன்னொன்று, வெளிநாட்டு ஆய்வுத் தரவுத்தளம் ஒன்றின் பள்ளிப் பதிப்பு. எங்களிடம் இருந்த பணத்தைப்போல மூன்று மடங்கு கேட்டார்கள்.

எங்களுடையது நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி. தமிழ் வழியும் உண்டு, ஆங்கில வழியும் உண்டு. நூலகத்தில் மூன்று கணினிகள். ஐப்பசி மழையில் ஒரு மரம் சாய்ந்தால் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போகும், சில சமயம் இரண்டு நாளைக்கு. ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளுக்கு வாரம் ஒரு நூலகப் பாடவேளை, 40 நிமிடம். செருப்பைக் கழற்றி வரிசையில் நின்று உட்காரவே ஏழெட்டு நிமிடம் போய்விடும். பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் தேவைப்பட்டால் தாங்களாக வருவார்கள். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், கொட்டேஷன் தாளில் இதில் ஒன்றுகூடக் கணக்கில் இல்லை.

எந்தத் தொகுப்பு பெரியது என்று பார்க்க ஆரம்பித்தால் முடிவே கிடைக்காது என்று இரண்டாம் நாளே தெரிந்தது. அதனால் அந்த மாதம் பிள்ளைகள் என்னிடம் உண்மையிலேயே கேட்டதை ஒரு தாளில் எழுதினேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் அப்பாவின் அம்மாவைப் பற்றி: "எங்க அப்பாயி சிலோன்ல இருந்து கப்பல்ல வந்தாங்களாம் மிஸ். யாரு அவங்கள அனுப்புனா?" பிளஸ் ஒன் உயிரியல் மாணவன்: உண்ணிச்செடியால் (லான்டானா என்னும் களைச்செடி) யானைக்கு என்ன கெடுதல் என்று ஆராய்ச்சி ஏதும் உண்டா? ஏழாம் வகுப்புப் பொடியன்: மலை ரயில் தண்டவாளத்துக்கு நடுவில் எதற்குப் பல்? நான்காவது கேள்வியே அல்ல. ஆறாம் வகுப்பில் இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கு, சின்னப்பிள்ளைப் புத்தகம் என்று கூச்சப்படாமல் எடுத்துப் படிக்க ஏதாவது வேண்டும். இந்த நான்கையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டினேன்.

முதலில் அந்த ஒன்றரை லட்சம். விற்பனைப் பிரதிநிதி நல்ல மனிதர், பேச்சு வளம் உள்ளவர். டெமோவில் வண்ண வண்ண அட்டைகளாக ஓடின. "சார், முழுப் பட்டியலை எக்ஸெல் கோப்பாகக் கொடுங்கள்" என்றேன். மூன்று முறை போன் செய்த பிறகு வந்தது. ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து தலைப்பு வாரியாகப் பிரித்தேன். காப்புரிமை முடிந்த ஆங்கில நாவல்கள் ஐந்து, ஆறு பதிப்புகளாகத் திரும்பத் திரும்ப வந்திருந்தன. அவை அத்தனையும் குட்டன்பர்க் திட்டத்தில் இலவசம். 1971இல் மைக்கேல் ஹார்ட் தொடங்கிய அந்தத் தளத்தில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் இருக்கின்றன, கணக்கும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். மிச்சத்தில் பெரும்பகுதி பொறியியல் கல்லூரிக்கானது. தமிழில் 340 தலைப்புகள், அதிலும் பாதிக்குமேல் போட்டித் தேர்வு வழிகாட்டிகள். என் நான்கு கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அங்கே விடை இல்லை.

அதைவிட முக்கியமானது ஒப்பந்தத்தின் நான்காம் பக்கம். ஆண்டுச் சந்தா முடிந்த மறுநாள் அத்தனை நூலும் மறைந்துவிடும். மின்னூல் வாங்குவது என்று நாம் சொல்வது பெரும்பாலும் வாடகைதான். நிரந்தர உரிமை வேறு, ஆண்டுச் சந்தா வேறு. இரண்டிலும், ஒரு நூலை ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் திறக்கலாமா, வகுப்பே திறக்கலாமா என்பது இன்னொரு கேள்வி. "ஒரு பிரதி, ஒரு வாசகர்" என்ற வகை என்றால், 38 பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை படிக்க 37 பேர் வேடிக்கை பார்க்க வேண்டும். காகிதப் புத்தகத்திலும் அதே நிலைதானே என்பீர்கள். ஆமாம், ஆனால் காகிதப் புத்தகம் மார்ச் 31ஆம் தேதி அலமாரியிலிருந்து எழுந்து போவதில்லை.

இன்னொரு விஷயத்தை இடையில் சொல்லிவிடுகிறேன். லாகின் உருவாக்க என்று எல்லாப் பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் கைபேசி எண் எல்லாம் ஒரே கோப்பில் கேட்டார்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மலிவாக ஒரு மின்னூல் தொகுப்பு கிடைக்கிறது என்பதற்காக ஆயிரம் வீட்டு போன் நம்பரைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஐபி முகவரி வழியாக, அதாவது பள்ளியின் இணைய இணைப்பை வைத்தே அனுமதிக்கும் முறை உண்டு. அதைக் கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது பெரிய இடம், வெளிநாட்டுத் தரவுத்தளங்கள். எப்ஸ்கோ, கேல், பிரிட்டானிக்கா போன்றவற்றின் பள்ளிப் பதிப்புகளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நூலகர் கண்ணோடு பார்த்தால் வேலை சுத்தம். எப்ஸ்கோவின் எக்ஸ்ப்ளோரா, கட்டுரையோடு லெக்ஸைல் என்னும் வாசிப்பு அளவையும் காட்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகக் கட்டுரையைத் தூக்கிக் கொடுக்கும் தவறு நடக்காது. பிரிட்டானிக்கா ஸ்கூல் ஒரே பொருளைத் தொடக்க, நடு, உயர் என மூன்று நிலைகளில் எழுதி வைத்திருக்கிறது. பிரிட்டானிக்காவின் அச்சுப் பதிப்பு 2010இல் வந்ததோடு சரி, 2012இல் இனி அச்சில்லை என்று அறிவித்துவிட்டார்கள். எங்கள் அலமாரியில் 1980களின் தொகுதிகள் இன்னும் கம்பீரமாக நிற்கின்றன, எடுக்கத்தான் ஆளில்லை. மலை ரயில் கேள்விக்கும் உண்ணிச்செடிக் கேள்விக்கும் இவற்றில் ஒழுங்கான, நம்பத்தக்க விடை கிடைக்கும். ஆனால் ஆங்கிலத்தில். எங்கள் பள்ளியில் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் தமிழ் வழி. அப்பாயி எப்படி வந்தார் என்ற கேள்விக்கு அங்கே இரண்டு வரி கிடைக்கும், அப்பாயிக்குப் படித்துக் காட்ட முடியாத மொழியில்.

"நாடு முழுக்க ஒரே சந்தான்னு நியூஸ்ல வந்துச்சே மிஸ், நமக்கும் கிடைக்குமா?" என்று பிளஸ் டூ பிள்ளைகள் கேட்டார்கள். 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்தத் திட்டத்துக்கு மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். முப்பது பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் அதில் வருகின்றன. ஆனால் அது அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கானது. பள்ளிகள் அதில் இல்லை.

சரி, ஆய்வுக் கட்டுரைகள் வேண்டும் என்றால் பள்ளி என்ன செய்வது? இங்கேதான் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தது. ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்க் களஞ்சியத்தில் தனிநபர் கணக்கு ஒன்றைத் திறந்தால் 30 நாளைக்கு 100 கட்டுரைகள் வரை இணையத்திலேயே இலவசமாகப் படிக்கலாம், பதிவிறக்க முடியாது. என் பெயரில் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். பிள்ளை கேட்பதை நான் தேடித் திறந்து பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டுகிறேன். டோஜ் (DOAJ) என்று சொல்லப்படும் திறந்த அணுக்க இதழ்களின் அடைவில் வருவது எல்லாமே கட்டணமில்லாதது. ஆய்வுக் கட்டுரைகளுக்கான தேடலான கூகுள் ஸ்காலரில் தேடும்போது வலப்பக்கத்தில் பிடிஎஃப் என்று இருப்பதை மட்டும் பார்க்கச் சொல்லிக் கொடுத்தால் போதும், பணம் கேட்கும் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

உண்ணிச்செடிக்கு இந்த வழியில்தான் போனோம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச் செடியாக வந்தது, இன்று முதுமலைக் காட்டில் புல்லை மூடி நிற்கிறது. இதைப் பற்றி இந்திய ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரைகள் இலவசமாகவே நிறைய இருக்கின்றன. பையன் முதல் கட்டுரையின் முதல் பக்கத்தில் மயங்கி விழாத குறை. ஆய்வுக் கட்டுரையை மேலிருந்து கீழாகப் படிக்கக் கூடாது, சுருக்கம், படங்கள், முடிவுரை, பிறகு வேண்டுமானால் நடுப்பகுதி என்று ஒரு பாடவேளை உட்கார்ந்து சொன்னேன். யானை மேயும் புல் குறைவதற்கும் இந்தச் செடி அடர்வதற்கும் உள்ள தொடர்பு எல்லா ஆய்விலும் ஒரே மாதிரி வரவில்லை என்பதை அவனே கண்டுபிடித்தான். வாட்ஸாப்பில் வந்த வீடியோ அவ்வளவு உறுதியாகச் சொன்னதே என்று அவனுக்கு வருத்தம். எனக்கு அன்றைக்குச் சம்பளம் செரித்தது.

இந்த இடத்தில் சோத்கங்காவைச் சொல்லாமல் விட முடியாது. காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் மையம் நடத்தும் ஆய்வேட்டுக் களஞ்சியம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஐந்து லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. பள்ளிக்கு எதற்கு என்று நானும் நினைத்தேன். தமிழ்த் துறை ஆய்வேடுகள் தமிழிலேயே இருக்கின்றன. இரண்டாம் இயல் பெரும்பாலும் அந்தப் பொருளின் வரலாற்றை நிதானமாகச் சொல்லும், பிளஸ் டூ பிள்ளைக்கு எட்டும் மொழியில். இயல் இயலாகத் தனிக் கோப்பாக வைத்திருப்பதால் 300 பக்கத்தையும் இறக்க வேண்டியதில்லை. தரம் எல்லாம் ஒன்றுபோல இருக்காது, அதைப் பிள்ளைகளிடமும் சொல்லிவிடுகிறேன்.

இந்தியத் தேசிய மின்னூலகம் பற்றிப் பயிற்சி வகுப்புகளில் நிறையச் சொல்வார்கள். ஐஐடி கரக்பூர் உருவாக்கி, 2018 ஜூன் 19 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கோடிக்கணக்கில் பதிவுகள், இலவசம், பள்ளி நிலை என்று வடிகட்டலாம், பழைய வினாத்தாள்கள் உண்டு. இதைப் பயன்படுத்தும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: இது புத்தக அலமாரியைவிட அட்டவணைப் பெட்டிக்குத்தான் நெருக்கம். பெரும்பாலான பொருளை வைத்திருப்பது வேறு நிறுவனம். சிலது அங்கே போனால் திறக்கும், சிலது அந்த நிறுவனத்தின் லாகின் கேட்கும். நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நல்லது. 40 நிமிடப் பாடவேளைக்கு நான் இதை எடுப்பதில்லை.

மலை ரயிலுக்கு விடை இணைய ஆவணக் காப்பகத்தில் இருந்தது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்றால் இன்னும் சட்டென்று புரியும். 1908இல் வெளிவந்த நீலகிரி மாவட்ட கெசட்டியர், அதாவது மாவட்ட விவரத் தொகுப்பு, அங்கே ஸ்கேன் வடிவில் முழுதாக இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இல் ஓடத் தொடங்கிய ரயில், ஊட்டிக்கு ஏறியதும் அதே 1908இல்தான். கல்லாறு தாண்டியதும் ஏறக்குறைய 12 அடிக்கு 1 அடி என்ற ஏற்றம். வெறும் சக்கரம் வழுக்கும், அதனால் நடுவில் பல் தண்டவாளம், எஞ்சினுக்கு அடியில் பல் சக்கரம். பொடியனுக்கு அந்த ஆங்கிலத்தை நான் வாய்வழியாகத் தமிழில் சொன்னேன், படத்தை அவன் நோட்டில் வரைந்துகொண்டான். ஆங்கிலப் பழைய நூல்களுக்குள் ஒரு சொல்லைக் கொடுத்துத் தேட முடிவது இந்தக் காப்பகத்தின் பெரிய வசதி.

ஆனால் அதையே நம்பி ஒரு பள்ளி உட்கார முடியாது என்பதற்கு 2024 போதும். காப்புரிமை உள்ள நூல்களை ஸ்கேன் செய்து இரவல் கொடுத்ததற்காக நான்கு பெரிய பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், செப்டம்பர் 4 அன்று மேல்முறையீட்டிலும் காப்பகம் தோற்றது. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட நூல்கள் இரவலிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டன. அடுத்த மாதமே இணையத் தாக்குதலில் தளம் பல நாள் முடங்கியது. காப்புரிமை முடிந்தவை பத்திரமாகவே இருக்கின்றன. இருந்தாலும் எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான்: சட்டப்படி இறக்கி வைத்துக்கொள்ளக் கூடியதை இன்றைக்கே இறக்கி வைத்துக்கொள். இன்னொன்று, அது பெரியவர்களுக்கான கடல். சிறு பிள்ளைகளைத் தேடல் பெட்டிக்கு முன்னால் தனியே விடாமல், வேண்டிய நூலின் நேர் இணைப்பை மட்டும் கொடுக்கிறேன்.

இனி தமிழுக்கு வருகிறேன், கட்டுரை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். கொட்டேஷன் கொடுக்க ஆள் இல்லாததால் யாரும் இவற்றைப் பள்ளிக்கு வந்து விற்பதில்லை. அதனாலேயே பல பள்ளி நூலகர்களுக்கு இவை தெரிவதும் இல்லை.

மதுரைத் திட்டம் 1998 பொங்கல் நாளில் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று, உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்தது. சங்க இலக்கியத்திலிருந்து 20ஆம் நூற்றாண்டு உரைநடை வரை எண்ணூறைத் தாண்டிய படைப்புகள். தளம் அழகாக இருக்காது. ஆனால் அது ஸ்கேன் படம் அல்ல, உண்மையான எழுத்து. யானை என்று தேடினால் யானை வரும் வரிகள் கிடைக்கும். எழுத்தைப் பெரிதாக்கலாம், வகுப்புக்கு வேண்டிய பத்துப் பாட்டை மட்டும் வெட்டி அச்சடிக்கலாம். முகப்புக் குறிப்பை நீக்காமல் யாருக்கு வேண்டுமானாலும் பிரதி கொடுக்கலாம் என்று ஒவ்வொரு கோப்பிலும் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு வரிக்கு முன்னால் என் மேசையில் இருந்த பன்னிரண்டு பக்க ஒப்பந்தம் என்ன ஆகும்!

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் வேறு மாதிரி. அரிய நூல்கள், பழைய இதழ்கள், நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள், சுவடிகள் எல்லாம் ஸ்கேன் வடிவில். பழைய அச்சின் முகத்தையே பிள்ளைகள் பார்க்கலாம். பெரும்பாலும் படமாக இருப்பதால் உள்ளே சொல் தேட முடியாது என்பது குறை. அதே நிறுவனத்தின் தளத்தில்தான் பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த தமிழ்க் கலைக்களஞ்சியமும் இருக்கிறது, அதன் பின் வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியமும் இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கும் அணுவியலும் அந்தக் காலத்தவை, அதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். ஆனால் பல் சக்கரம் எப்படி வேலை செய்கிறது, நிலநடுக்கம் என்றால் என்ன என்பதையெல்லாம் எவ்வளவு தெளிந்த தமிழில் எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கும்போது, இன்றைய பாடநூல் மொழியைப் பற்றிச் சில எண்ணங்கள் வரும். அவை இங்கே வேண்டாம்.

அப்பாயி கேள்விக்கு நூலகம் என்ற இலங்கைத் தளத்துக்குப் போனோம். 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடு எரிந்த மண்ணில், இனி எதுவும் ஒரே இடத்தில் மட்டும் இருக்கக் கூடாது என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாக இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நூல், செய்தித்தாள், பள்ளி மலர், நினைவு மலர் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள். மலையகத்துக்கே, அதாவது இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதிக்கே, தனியாக நிறைய இருக்கின்றன. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டு, 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்த எண்கள் எந்தப் பெரிய தரவுத்தளத்திலும் கிடைக்கும். அந்த எண்களுக்குள் இருந்தவர்கள் அன்றைக்கு என்ன பேசினார்கள் என்பது மலையக இதழ்களில்தான் கிடைத்தது. எட்டுப் பக்கம் அச்சடித்துக் கொடுத்தேன். மறுவாரம் அந்தப் பெண் திரும்பக் கொண்டுவந்தபோது ஓரத்தில் பென்சிலால் தோட்டங்களின் பேர்கள் எழுதியிருந்தன. அச்சில் இருக்கும் ஆங்கிலப் பெயரை அங்கே யாரும் சொல்வதில்லையாம், தமிழில் வேறு பேராம். அப்பாயி சொல்லச் சொல்ல எழுதியது. அந்தத் தாளை உள்ளூர் வரலாறு என்ற கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். இந்த மலையில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டதே தாயகம் திரும்பியவர்களுக்காகத்தான் என்பதால், இந்தக் கேள்வி அடுத்த ஆண்டும் வரும்.

எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஐவருக்கு பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் என்ற இலவசக் கதைத் தளம். 2015 முதல் இருக்கிறது. கதைகள் வாசிப்பு நிலை வாரியாக நான்காகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் வருவதால் இறக்கலாம், அச்சடிக்கலாம், பெயரைக் குறிப்பிட்டு மாற்றி எழுதவும் செய்யலாம். நான் செய்தது சின்ன வேலை: இரண்டாம் நிலைக் கதைகளில் விலங்கு, அறிவியல் பற்றியவற்றை மட்டும் பொறுக்கி, நிலை எண் தெரியாமல் அச்சடித்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு வைத்தேன். அறிவியல் புத்தகம் என்ற பெயரில் எடுத்துப் போகிறார்கள். கூச்சம் இல்லை.

ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் எழுத்தாளர்களே பொதும உரிமத்தில் கொடுத்த தமிழ் மின்னூல்கள் இபப் வடிவில் கிடைக்கின்றன. கைபேசியில் படிக்க பிடிஎஃப்பைவிட அது வசதி. தேர்ந்தெடுத்துத்தான் கொடுக்க வேண்டும்.

இன்று எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தாளர்களின் நூல்கள்தான் இந்த இலவச உலகத்தில் இல்லாதவை. டெலிகிராம் குழுக்களில் எல்லாமே பிடிஎஃப்பாகச் சுற்றுகிறது, ஓர் ஆசிரியர் ஆர்வமாக எனக்கே அனுப்பினார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை இருக்கிறது. பாரதி, கல்கி, புதுமைப்பித்தன்போல் நாட்டுடைமை ஆனவர்கள் என்றால் யாரும் பதிப்பிக்கலாம். மற்றவர்களுடையதைத் திருடி ஒரு பள்ளி நூலகம் அலமாரி நிரப்பக் கூடாது. கிண்டிலில் 2016 முதல் தமிழ் நூல்கள் இருந்தாலும், அந்த உரிமம் ஒரு தனிநபர் கணக்குக்கானது, வகுப்புக்கு இரவல் கொடுக்கும் ஏற்பாடு அல்ல. ஆக, இந்த வகைக்கு நேர்மையான வழி காகிதப் புத்தகம் வாங்குவதே. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தில் உறுப்பினராக இருக்கும் ஒரு பிள்ளை லிபி (Libby) என்ற மின்னூல் இரவல் செயலி வழியாகத் தமிழ் மின்னூலை வீட்டிலிருந்தே இரவல் எடுக்க முடியும். அதைக் கேள்விப்படும்போது பெருமூச்சு வரத்தான் செய்கிறது.

முடிவை இரண்டு கொட்டேஷன்களுக்கும் இல்லை என்று எழுதித்தான் கொடுத்தேன். தாளாளர் கொஞ்சம் முகம் சுருங்கினார், டிஜிட்டல் என்று கண்ணுக்கு எதுவும் தெரியவில்லையே என்று. அதற்கும் ஒன்று செய்தோம். பழைய டெஸ்க்டாப் ஒன்றுக்கு இரண்டு டெராபைட் டிஸ்க், ஒரு ரௌட்டர், ஒரு யுபிஎஸ். எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய்க்குள். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் தமிழ் விக்கிப்பீடியா முழுவதும், ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளோடு, அதில் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் மதுரைத் திட்டக் கோப்புகள், உரிமம் அனுமதிக்கும் கதைகள், கெசட்டியர், குட்டன்பர்க்கிலிருந்து தேர்ந்தெடுத்த 200 நூல்கள். இணையம் இல்லாமலே நூலகத்துக்குள் எந்தக் கணினியிலும் திறக்கும். மழையில் லைன் போன அன்றைக்கும் ஏழாம் வகுப்புப் பாடவேளை நடந்தது. மீதிப் பணத்தில் பிரிண்டர் டோனர், பைண்டிங், மிச்சத்துக்குப் புதிய தமிழ் நூல்கள்.

இதில் செலவே காட்டாத செலவு ஒன்று உண்டு, என் நேரம். இலவசத் தளங்கள் யாரும் உங்கள் பாடத்திட்டத்துக்கு ஏற்பப் பிரித்துத் தருவதில்லை. பணம் வாங்குகிறவர்கள் அதைத்தான் விற்கிறார்கள், நியாயமாகவே. எந்தக் கேள்விக்கு எங்கே, எந்தப் பக்கம் என்று ஒரு நோட்டில் எழுதி, பிறகு அட்டவணையாக்கி வருகிறேன், ஆறு மாதத்தில் 210 பதிவுகள். முழுநேர நூலகர் இல்லாத பள்ளி என்றால் என் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே ஸ்டோரிவீவரும் கிவிக்ஸும் மட்டும் போட்டு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

ஆங்கில வழி இயற்பியல் ஆசிரியர் இன்னும் சமாதானம் ஆகவில்லை. "டீச்சர், உங்க பிள்ளைங்களுக்குச் சரி, என் பசங்க நாளைக்குக் காலேஜ் போய் எப்ஸ்கோன்னா என்னன்னு முழிக்கப் போறாங்க" என்கிறார். அவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. அதனால் வரும் ஆண்டு பிரிட்டானிக்காவோ எக்ஸ்ப்ளோராவோ ஒன்றைச் சோதனைக்கு எடுத்துப் பார்க்கச் சம்மதித்திருக்கிறேன். முகவர் 30 நாள் இலவசச் சோதனையை மார்ச்சிலேயே தொடங்கலாம் என்றார். பொதுத்தேர்வு மாதத்தில் ஒரு பிள்ளைகூட உள்ளே போகாது. பிறகு பயன்பாட்டு அறிக்கை பூஜ்யம் காட்டும், அதை வைத்து என்ன முடிவெடுப்பது? ஜூலை இரண்டாம் வாரம் தாருங்கள், மாணவர் பெயர்ப் பட்டியல் இல்லாமல் ஐபி வழியாகத் தாருங்கள், எந்த வகுப்பு எதைத் திறந்தது என்ற கணக்கைச் சோதனை முடிந்ததும் எழுத்தில் தாருங்கள் என்று கடிதம் அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.